டிராக்டர் கரண்ட்டில் முந்நூறு யூனிஃபார்ம்

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. கரண்ட் இல்லை. நேற்று சாயங்காலம் சந்து முனைக் கரண்ட் பெட்டியில் புகை, சடசடவென்று சத்தம், அவ்வளவுதான். எங்கள் வரிசை மொத்தமும் இருட்டு.

லைன்மேன் வந்து பார்த்தார். மராத்திக்காரர், சின்ன வயசு, காதில் பென்சில். பெட்டி மட்டுமில்லை, ரோட்டுக்கு அடியில் கேபிளும் வெந்துவிட்டதாம். குழி தோண்டி, தண்ணீர் இறைத்து, புதுசு போட ஐந்தாறு நாள். "பாரிஷ் மே மை க்யா கரூங்கா, அக்கா?" மழைக்கு அவர் என்ன செய்வார். சரி, நான் மட்டும் என்ன செய்வேன்?

செம்பூர் ஸ்கூல் யூனிஃபார்ம்: மொத்தம் 600.
வெட்டியது எல்லாம்.
தைத்தது 300.
பாக்கி: சட்டை 180, பாவாடை 120.
மெஷின் 12. தைக்கிற பெண்கள் 12. கரண்ட் சைபர்.
ஸ்கூல் அடுத்த திங்கள் திறக்கிறது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரக்கு அங்கே போயாகணும்.

மு. (என் கொழுந்தன் முருகேசன். எங்கள் யூனிட்டின் கட்டிங் மாஸ்டர், தாராவிக்கே மாஸ்டர் என்று நினைப்பு) காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். "மைனி, பாண்டுப்ல நமக்குத் தெரிஞ்ச ஆளு பெரிய யூனிட் வச்சிருக்காரு. வெட்டுன துணிய அப்படியே டெம்போல ஏத்தி விட்ருவோம். தச்சுக் குடுத்துருவாரு."

தைத்துக் கொடுப்பார். அடுத்த வருஷம் ஸ்கூல்காரர்கள் நேரே அவரிடம் போவார்கள். என் பன்னிரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்கள். இவன் அண்ணன் போய்ச் சேர்ந்தபோதும் இதையேதான் சொன்னான்: மூடிருவோம் மைனி. அன்றைக்கு மூடவில்லை. இன்றைக்கா மூடுவேன்?

வாடகை ஜெனரேட்டர் கேட்டுப் பார்த்தாயிற்று. பெரியது எல்லாம் வெளியே போயிருக்கிறது. சின்னது இரண்டு மெஷின்கூட இழுக்காது. ரோஸி (காலர் தைப்பவள், வாய் நீளம், கை அதைவிட வேகம்) சொன்னாள்: "எங்க சர்ச் திருவிழாவுக்கு டிராக்டர் வச்சுல்லா லைட் எரிச்சாங்க அக்கா! சுனாபட்டி அன்வர் பாய் டிராக்டரு."

டிராக்டர். தைக்க. சிரித்தோம். பிறகு ரோஸியிடம் நம்பர் வாங்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை தூறல். முழங்கால் வலி. ஆட்டோவில் சுனாபட்டி.

அன்வர் பாய்க்கு ஏர்வாடிப் பக்கம். தண்ணி டேங்கர் இழுக்கிற டிராக்டர் இரண்டு வைத்திருக்கிறார். ஒன்றின் வாலில் ஆல்டர்னேட்டர் மாட்டலாம். டிராக்டரின் பின்னால் ஒரு சின்ன மூக்கு சுற்றுகிறது. அதில் ஒரு இரும்புத் தண்டைக் கோர்த்தால் தண்டு சுற்றி, ஆல்டர்னேட்டர் சுற்றி, கரண்ட். ஷாஃப்ட் என்கிறார்.

"ஆம்பள ஆளு யாரையாச்சும் அனுப்பும்மா. டிரைவரு கொண்டாந்து நிப்பாட்டிட்டு டேங்கருக்கு வந்துருவான். கூடவே ஒரு ஆளு நிக்கணும்."

"நான்தான் அந்த ஆளு. சொல்லுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தை இல்லை, முந்தானையை. "இந்தச் சேலையோட வந்தியன்னா பக்கத்துலயே விடமாட்டேன். நிமிஷத்துக்கு ஐநூத்தி நாப்பது சுத்து. துணியப் புடிச்சிதுன்னா நீ ஆன்னு சொல்லதுக்குள்ள உன்னையும் சுத்திரும்."

கோபம் வரவில்லை. இருபத்திரண்டு வயசில் மெஷின் பெல்ட் என் தாவணியை இழுத்தது. சின்ன மோட்டார்தான். கழுத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. காட்டினேன். அதற்குப் பிறகுதான் மனுஷர் மரியாதையாகச் சொல்லிக் கொடுத்தார்.

பாய் சொன்னது, மறக்காமல் இருக்க:

சமதளம். ஹேண்ட் பிரேக். கியர் நியூட்ரல். சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை.
ஷாஃப்ட்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறை உண்டு, அதன் சங்கிலியை மாட்டணும். உறை இல்லாமல் ஓட்டவே கூடாது.
சுற்றும்போது ஷாஃப்ட்டைத் தாண்டக் கூடாது. சுற்றிப் போ.
எர்த் கம்பி ஈரமண்ணில் முழுசாக இறங்கணும்.
புகை ஜன்னல் பக்கம் போகக் கூடாது. மூடிய இடத்தில் ஓட்டவே கூடாது. (புகை சத்தமில்லாமல் ஆளைக் கொல்லுமாம்.)
ஆல்டர்னேட்டர் சுவிட்ச் ஆஃப். பிறகு ஸ்டார்ட். மெதுவான ஓட்டத்தில் லீவரைப் போட்டு ஷாஃப்ட்டைச் சுற்ற விடணும். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றி, மீட்டர் முள் பச்சைக்கு வந்தபிறகுதான் சுவிட்ச் ஆன்.
மெஷின் ஒவ்வொன்றாக. பன்னிரண்டையும் ஒரே அடியாகப் போட்டால் டிராக்டர் முக்கும்.
நிறுத்துவது தலைகீழ். முதலில் மெஷின்.
சூட்டோடு டீசல் ஊற்றாதே.

கடைசியாக ஒன்று, விரலை நீட்டிச் சொன்னார்: "சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாம உன் போர்டுல என் வயரு ஏறக் கூடாது. கைப்பிடி மேல இருந்தா கம்பெனி கரண்ட்டு, கீழ இருந்தா நம்ம கரண்ட்டு. ரெண்டும் சேரவே சேராது. சேர்ந்திச்சின்னா உன் கரண்ட்டு மீட்டர் வழியாத் திரும்பி ரோட்டுக்குப் போவும். அங்க ஒருத்தன் கம்பியப் புடிச்சிட்டு நிப்பான்."

மூன்று தடவை எஞ்சின் அணைந்தது என் கையில். நாலாவது தடவை நின்றது. ச்சே, அணையவில்லை என்று எழுத வந்தேன். ஓடியது!

ஜூன் 11, புதன்

மழை விட்டு விட்டு. என்னிடம் பேன்ட் கிடையாது. கால் மெஷினில் உட்கார்ந்து நானே தைத்தேன். துணி? வெட்டில் மிஞ்சிய ஸ்கூல் துணிதான், கருநீலம். மேலே பழைய சட்டை, கை மடித்து. கொண்டைக்கு நெட். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டே பாதி ஆயுசு போயிற்று. துண்டில்லாமல் சந்தில் நடக்க முதல் பத்தடி கூச்சமாக இருந்தது. பதினோராவது அடியில் போய்விட்டது.

பால்கடைக்காரர்: "எந்த ஸ்கூலு அக்கா?"

"டிராக்டர் ஸ்கூலு. ஒனக்கும் அட்மிஷன் வேணுமா?"

மு. தலையில் அடித்துக்கொண்டான். "ஊரு சிரிக்குது மைனி." சிரிக்கட்டும். இந்தச் சந்துக்குச் சிரிப்பு வந்து எத்தனை நாளாச்சு, மூன்று நாளாக ஃபேன்கூட இல்லை.

மதியம் டிராக்டர் வந்தது. சந்துக்குள் நுழையாது. ரோட்டு ஓரம், புகைக்குழாய் வெட்டவெளியைப் பார்த்து. கேபிள் தண்ணீரில் கிடக்காமல் தலைக்கு மேலே கட்டினோம். டிரைவர் ஷாஃப்ட் உறை சங்கிலியெல்லாம் மாட்டிக் காட்டிவிட்டு டேங்கருக்குப் போய்விட்டான். எர்த் கம்பியை நானும் ரோஸியும் மாறி மாறி அடித்து இறக்கினோம்.

சேஞ்ச்ஓவர் (சே.ஓ.) சுவிட்ச் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. நாளை காலை லோஹார் சால் (எலக்ட்ரிக் சாமான் கடைத்தெரு) போகணும். மாட்டித் தர ரோஸியின் வீட்டுக்காரர் வருகிறார், லைசென்ஸ் உள்ள வயர்மேன்.

மு.: "ஒரு சுவிட்ச்சுக்காக ஒரு நாளா? கல்யாண மண்டபத்துல நான் மாட்டாத வயரா?"

கைவைக்காதேயும் என்று மட்டும் சொன்னேன். இன்னும் உரக்கச் சொல்லியிருக்கணும்.

ஜூன் 12, வியாழன்

எழுத்து கோணல். பரவாயில்லை.

லோஹார் சாலில் கடை திறந்ததும் வாங்கினேன். நல்ல கனம். டாக்ஸி, மழை, டிராஃபிக். பதினொரு மணிக்குச் சந்து முனை. குழிக்குள் லைன்மேன், இடுப்பளவு. என் பேன்ட்டைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். அவர் கையில் எங்கள் வரிசைக்குப் போகிற வயர், தோல் உரித்து, செம்பு தெரிய.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் காதில் விழுந்தது.

ஓடினேன். எஞ்சின் ஓடுகிறது, ஷாஃப்ட் இன்னும் சுற்றவில்லை. பானட்டில் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அது எல்லாம் சரி. புது மெஷின் எது வந்தாலும் நாங்கள் செய்வதுதான். ஆனால் ஷாஃப்ட் உறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்டிலேயே ஒரு முழ சாமந்தி மாலை. சுற்றப்போகிறது அதுதானே, அதற்குத்தானே மரியாதை என்று மாஸ்டருடைய யோசனை. சுற்ற ஆரம்பித்த நிமிஷம் அது மாலையை இழுக்கும், மாலையைச் சரி பண்ணப் போகிற கையை இழுக்கும்.

ஸ்டாப் குமிழை இழுத்து எஞ்சினை அணைத்தேன்.

மாலையைவிடப் பெரியது உள்ளே இருந்தது. தலைக்கு மேல் வந்த கேபிள் முனையில், இரண்டு பக்கமும் பிளக் பின் வைத்த ஒரு வயர். ஒரு பின் கேபிளில். இன்னொரு பின் என் கட்டிங் மேஜைக்குப் பக்கத்து சாக்கெட்டில், ஜம்மென்று. மெயின் சுவிட்ச் ஆனில். ரோஸி அதன் முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"மைனி, ஒங்களுக்காகத்தான் வெயிட்டிங். நீங்க வந்து சாமி கும்பிட்டா ஷாஃப்ட்டச் சுத்த விட்டு ஆல்டர்னேட்டர் சுவிட்ச்சப் போட்டுருவேன். மத்தியானத்துக்குள்ள நாப்பது சட்டை."

பின்னைப் பிடுங்கினேன். இரண்டு பக்கமும். இன்னொரு தடவை யாரும் செருகக் கூடாது. மேஜையில் கைக்கு என்ன கிடைத்ததோ அதை எடுத்து வயரை வெட்டினேன். நறுக், நறுக், நறுக். நாலு துண்டு. அப்படியே வெளியே போய் மாலையையும்.

மு. அலறினான்: "மைனி! என் கத்தரி!"

அவனுடைய பன்னிரண்டு அங்குலக் கத்தரி. காகிதம் பட்டாலே போச்சு என்பான். யாராவது அதில் நூல் வெட்டினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவு திட்டு. துணி தவிர எதையும் பார்க்காத கத்தரி, இன்றைக்குச் செம்பையும் சாமந்தியையும் பார்த்தது.

"ஒம்ம கத்தரி முக்கியமா? வாரும் இங்க." சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன் சந்து முனைக்கு. ஆமாம், சட்டையைப் பிடித்துத்தான். குழியைக் காட்டினேன். "நல்லாப் பாரும். அந்தப் பய கையில என்ன இருக்குன்னு பாரும். அது நம்ம வயரு. நீரு சுவிட்ச்சப் போட்டிருந்தா?"

பார்த்தான். அப்படியே ரோட்டு ஓரம் உட்கார்ந்துவிட்டான், மழையில்.

இரண்டரைக்கு சே.ஓ. சுவிட்ச் மாட்டி முடிந்தது. உறை, சங்கிலி திரும்பவும். கைப்பிடியை நானே கீழே தள்ளினேன். ஸ்டார்ட். ஷாஃப்ட். முள் மெல்ல மெல்லப் பச்சைக்கு. சுவிட்ச் ஆன். ரோஸி மெஷின் முதலில். கர்ர் என்றது. பன்னிரண்டு பேரும் கத்தியது செம்பூருக்கே கேட்டிருக்கும்.

ஐந்து நிமிஷத்தில் லைன்மேன் குழியிலிருந்து ஓடி வந்தார், முகம் வெளுத்து. "ஜெனரேட்டர் கிஸ்கா?" யாருடையது என்று. சே.ஓ. சுவிட்ச்சைத் திறந்து பார்த்தார், டெஸ்டர் வைத்தார், எர்த் கம்பியை ஆட்டிப் பார்த்தார். சரி என்று தலையசைத்துத் திரும்பும்போது தரையில் அந்த வயர்த் துண்டுகள். பின் இருந்த இரண்டையும் எடுத்து ஒட்டிப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"யே கிஸ்கா ஹை?" இது யாருடைய வேலை என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் மு. சொன்னான், என்னுடையது என்று. "மேரா."

அடி விழும் என்று நினைத்தேன். விழுந்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். மு.வின் கையைப் பிடித்துக் கொண்டுபோய் சே.ஓ. கைப்பிடி முன்னால் நிறுத்தினார். நான் குழியில் இருக்கிற வரைக்கும் நீ இங்கே நிற்கணும், யாரும் இதைத் தொடக் கூடாது என்றார் ஹிந்தியில். சத்தம்கூடப் போடவில்லை.

மு. ஆறு மணி வரை நின்றான். டீ வந்தது, ஆறியது, குடிக்கவில்லை.

சட்டை 61.

ஜூன் 13, வெள்ளி

நல்ல மழை. டிராக்டருக்குத் தார்ப்பாய்க் கூரை, நாலு பக்கமும் திறந்து. சமையல் இல்லை, வடாபாவ். சட்டை 84, பாவாடை 40. விரல்களில் எண்ணெய் வாசம், சோப்புக்கும் போகவில்லை.

லைன்மேன் குழியில் இறங்குமுன் சந்து முனையிலிருந்து கத்துகிறார்: "நீச்சே ஹை க்யா?"

மு. உள்ளேயிருந்து: "நீச்சே ஹை!" கைப்பிடி கீழே இருக்கிறது என்று.

காலையிலிருந்து நின்றபடிதான் வேலை பார்க்கிறான், ஒரு கண் அதன் மேல். கோயில் பூசாரிகூட இப்படிக் காவல் நிற்கமாட்டார். நான் இன்னும் பேசவில்லை. பேசுகிற மனசு வரவில்லை.

எங்கள் சந்துக் கமிட்டி செக்ரட்டரி வந்தார், சத்தம், புகை என்று. ஜன்னலைத் திறந்து, எங்கே புகை, மோந்து பாருங்க என்றேன். மோந்தார். போகும்போது, எங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு லைன் குடேன் என்றார். சுவிட்ச் வாங்கி மாட்டுங்க, அப்புறம் பேசலாம் என்றேன். பேன்ட்டைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜூன் 14, சனி

வெயில்! மூன்று மணிக்குக் கடைசிப் பாவாடை. அயர்ன், மடிப்பு, மூட்டை. நாலரைக்கு டெம்போவில் ஏறியது, ரோஸி கூடப் போனாள். பாண்டுப்புக்கு ஒரு நூல்கூடப் போகவில்லை.

ஐந்தரைக்கு லைன்மேன் வந்தார், உடம்பெல்லாம் சேறு. கரண்ட் வந்தாச்சு. டிராக்டரை நான் முறைப்படி நிறுத்தினேன். மெஷின், சுவிட்ச், வேகம் குறைத்து, ஷாஃப்ட், எஞ்சின். கைப்பிடியை மேலே தூக்கச் சொல்லி மு.வைப் பார்த்தேன். அவன் லைன்மேனைப் பார்த்தான். "பாஹர் ஆயா ந சப்?" எல்லோரும் குழியை விட்டு வெளியே வந்தாச்சா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் தூக்கினான். லைட் வந்தது.

எல்லோரும் போனபிறகு மு. மெல்ல வந்தான். "மைனி, வயர வெட்டுனதுல கத்தரி வாயில நாலு பல்லு விழுந்திருக்கு. சாணைக்குக் குடுத்துட்டு வாரேன்."

கொடுக்கவில்லை. சே.ஓ. பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். புதுக் கத்தரி வாங்கிக்கொள்ளட்டும். இது இங்கேதான் தொங்கும், பல்லோடு.