தீவுக்குப் பறக்காத சாம்பியன்கள்

ஸம்புஜோசா,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை.

லக்ஸம்பர்க்கில் கட்டட வேலை பார்க்கும் அருமை மருமகன் தெல்மோவுக்கு, உன் தாய்மாமன் அபீலியோ நிறைந்த ஆசியோடு எழுதுவது. நான் சுகம், உன் அத்தை இல்தா சுகம், உன் அம்மாவும் சுகம். பக்கத்து ஊர் கபெசூதாக்காரர்களும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

போன் போட்டால், “மாமா, சாரத்து மேல நிக்கிறேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். எனவே கடிதம். நான் நாலாம் வகுப்போடு நின்றவன் என்று ஊரில் சொல்வார்கள். என் கட்டுரையைப் படித்த வாத்தியார் இதற்கு மேல் இவனுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார் என்பதை யாரும் சொல்வதில்லை.

முதலில் பந்து விஷயம். மாவட்ட லீக்கில் கபெசூதா முதலிடம், நம் ஸம்புஜோசா இரண்டாமிடம். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். கடைசி ஆட்டத்தில் நாம் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு, கோட்டில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யோசித்து, வெளியே வந்தது. கண்ணால் பார்த்தேன். காற்றையும் அவர்கள் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே கார்களில் ஹாரன் அடித்துக்கொண்டு நம் ஊருக்குள் வந்து, நம் நீரூற்றை மூன்று சுற்று சுற்றினார்கள். முன்னால் டிராக்டர் தொட்டியில் அவர்கள் கிளப் தலைவன் கிந்தினோ, மஞ்சள் சட்டையில், கையில் கோப்பையோடு. கோப்பை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சூப் கிண்ணத்துக்குக் காது வைத்த மாதிரி. என்னைப் பார்த்து, “அபீலியோ, ஓரமா நில்லுப்பா, சாம்பியன் வண்டி வருது!” என்று கத்தினான். நான் ஓரமாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் மைதானத்தில் செயற்கைப் புல் வேறு போட்டிருக்கிறார்கள். நம் மைதானத்தில் கோல் முன்னால் கோழி கிளறியது போல மண். யாரும் இல்லாத நேரம் பார்த்து அவர்கள் புல்லைக் கையால் தடவிப் பார்த்தேன். மெத்தை மாதிரி இருக்கிறது, பாழாய்ப் போக. வீட்டுக்கு வந்தும் அத்தை வைத்த ரொட்டிச் சூப் இறங்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். கிந்தினோ உனக்குப் போன் போட்டான் என்று உன் அம்மா சொன்னாள் பார், அங்கேதான் தீப்பிடித்தது. அவன் பேசினால் அரை மணி நேரம் பேசுகிறாயாமே? “மாவட்ட லீக்ல ஆடறதுக்காக வேலையை விட்டுட்டு வர முடியாது. தேசிய அளவுல யார் ஆடறாங்களோ அவங்ககிட்ட வரேன்” என்று சொன்னாயாம். நியாயம்தான். தொலைக்காட்சியில் வருகிற பெரிய கிளப்புகளின் லீக், அதன் கீழ் இரண்டாவது, அதன் கீழ் மூன்றாவது, நாலாவதாகப் போர்ச்சுகல் சாம்பியன்ஷிப். அதற்கும் கீழே தரையில் உட்கார்ந்திருப்பது மாவட்டங்கள். மாவட்ட சாம்பியன் நாலாவதுக்கு ஏறலாம். அதாவது நீ வருவாய், ஆனால் கபெசூதாவின் மஞ்சள் சட்டையில். பதினேழு வயதில் நம் பச்சைச் சட்டையில் ஆடிய பிள்ளை! நினைத்தாலே நெஞ்சு கரித்தது.

ஆனால் உன் மாமாவுக்குச் சட்டம் தெரியும். சாம்பியன் வேண்டாமென்று சொன்னால் இரண்டாவது வந்தவனைக் கூப்பிடுவார்கள்.

கபெசூதாவில் நத்தைத் திருவிழா நடந்தபோது நானும் போனேன். கிந்தினோ நத்தையை உறிஞ்சியபடி நாலாவது பிரிவைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். நான் சாதுவாக, “எல்லாம் சரி கிந்தினோ, தீவுக்கு எப்படிப் போறதா உத்தேசம்?” என்று கேட்டேன். “எந்தத் தீவு?” என்றான். “நடுக்கடல்ல இருக்கிற அசோர் தீவுக்காரங்களும் அந்த நாலாவது பிரிவுல நம்ம பக்கத்துக் குழுவுலதானேப்பா ஆடறாங்க? டிராக்டர் அங்கே போகாது, பிளேன்லதான் போகணும்” என்றேன். அவன் கையிலிருந்த நத்தை தட்டில் விழுந்தது. லிஸ்பனில் லிஃப்டில் ஏறப் பயந்து ஏழு மாடி நடந்தவன் அவன்.

பிறகு என்னை யார் நிறுத்த முடியும்? ராணுவத்தில் இருந்தபோது அந்தத் தீவுக்குப் பன்னிரண்டு தடவை பறந்ததைச் சொன்னேன். (இல்தா இதைப் படித்துவிட்டு, “பெஜா முகாம்ல உருளைக்கிழங்கு உரிச்ச ஆளு” என்கிறாள். அவளுக்கு ராணுவ ரகசியம் தெரியாது.) விமானம் இறங்கப் போகும்போது காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும், ஜன்னலில் ஒரு பக்கம் கடல், மறு பக்கமும் கடல், ஓட்டுகிறவரே சிலுவை போட்டுக்கொள்வார், ஒருமுறை இறக்கையில் பசு மாட்டின் மணி மாட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவு தாழ்வு. கபெசூதாவின் மொத்த அணியும் நத்தையை மறந்து கேட்டது. நம் ஊர்க்காரர்களும் நாலைந்து பேர் அங்கே பீர் குடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே கபெசூதா மேலே போக மறுத்துவிட்டது! வீரர்களுக்கு வேலை இருக்கிறது, செலவு அதிகம் என்று ஏதேதோ காரணம். எனக்குத் தெரியாதா? நம் மைதானத்தில் ராக்கெட் விட்டேன். ஊரே கேட்டது. மாவட்டக் கால்பந்துச் சங்கத்திலிருந்து நம் கிளப்புக்குப் போன் வந்தது: ஸம்புஜோசா ஏறத் தயாரா?

உறுப்பினர் கூட்டம் போட்டோம். மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் முதல் வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். தலைவர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நம் கோல்கீப்பர் ஜெர்மானோ, அந்த ஆட்டுக்காரன், எழுந்தான். “தீவுக்குப் போகணுமாமே? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்றான். நான், “பிளேன் பஸ் மாதிரிதாண்டா” என்றேன். “அந்த மாட்டு மணி?” என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். “சிலுவை போட்டுக்குற பைலட்டு?” என்று இன்னொருவன். “நாங்க மறுத்தா கபெசூதாக்காரன் சிரிப்பான்னு சொல்லாதீங்க மாமா, அவனும்தான் போகலை” என்றான் ஜெர்மானோ. இப்போது வருகிற விமானமெல்லாம் ரொம்ப முன்னேறிவிட்டது என்று எவ்வளவோ விளக்கினேன். நான் நன்றாகப் பேசுவதில் இது ஒரு கஷ்டம், ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. கையுயர்த்தச் சொன்னபோது ஏறலாம் என்று எழுந்தவை இரண்டே கை. ஒன்று என்னுடையது. இன்னொன்று உன் அம்மாவுடையது.

மூன்றாவதாக வந்த கிளப் ஏறிவிட்டது. அவர்கள் ஊரில் எனக்குப் பழக்கம் இல்லை.

அன்றிலிருந்து உன் அம்மா கிராசியெத் என்னோடு பேசுவதில்லை. சந்தையில் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள். “உன் புருஷன் வாயாலதான் என் புள்ள வரலைன்னு நான் சொன்னதாச் சொல்லு” என்று இல்தாவிடம் சொல்லிவிட்டாளாம். நீ வருவாய் என்று உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள்.

இதற்கு மேலும் கேள். போன வாரம் கிந்தினோ நம் கிளப் மதுக்கடைக்குள் நுழைந்து, விமானச் சீட்டுத் துண்டு ஒன்றை என் பீர் முன்னால் வைத்தான். யாருக்கும் சொல்லாமல் லிஸ்பன் போய், தீவுக்குப் பறந்து, அன்றே திரும்பியிருக்கிறான்! கேள்விப்பட்டதைச் சோதித்துப் பார்க்கப் போனானாம். “ஜன்னலோர சீட்டு அபீலியோ. மேகத்துக்கு மேல காபி குடுத்தாங்க. பன்னெண்டு தடவை பறந்தவன் நீ, காபியைப் பத்தி மூச்சே விடலையே?” என்றான். கடையே சிரித்தது. ராணுவ விமானத்தில் காபி தரமாட்டார்கள் என்று சொன்னேன், உண்மையாகவும் இருக்கலாம். லிஃப்டுக்குப் பயந்தவன் பறந்துவிட்டான், தெல்மோ. எனக்கு அன்று வந்த பொறாமை கோப்பைக்கும் வரவில்லை, புல்லுக்கும் வரவில்லை.

அடுத்த பருவத்தில் திரும்பவும் சாம்பியனாகி நிச்சயம் ஏறுவானாம். இப்போதே வந்தால் ஒயின் கூட்டுறவில் உனக்கு வேலை பார்த்துத் தருவதாகக் கிராசியெத்திடம் சொன்னான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். என் தங்கை, அந்த மஞ்சள் சட்டைக்காரனைப் பார்த்து.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கிளப்பில் உனக்கு எப்போதும் இடம் உண்டு, பத்தாம் எண் உண்டு. ஆனால் அது தரை மட்டம்தான், நாலாவது மாடி இல்லை. கிந்தினோ சொன்ன வேலை நல்ல வேலை என்று விசாரித்ததில் தெரிகிறது. நான் விசாரித்ததை அவனிடம் சொல்லாதே. அங்கே ஆடுவதானால் ஆடு. கபெசூதா ஒன்றும் லக்ஸம்பர்க் இல்லை, என் மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். ஞாயிறுதோறும் டிக்கெட் வாங்கி வந்து பார்ப்பேன். கைதட்டச் சொல்லாதே, அது மட்டும் என்னால் ஆகாது.

உன் முழங்கால் நோகாமல் இருக்கட்டும். அந்த மஞ்சள் சட்டை உனக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் போகட்டும். அதைப் போட்டுக்கொண்டாவது வந்துவிடு, மாப்பிள்ளை.

என்றும் உன் நலம் வேண்டும்,
மாமா அபீலியோ