முன்சுவரில் எழுதிய வரி

டோயின் அப்பா,

அமலா களியை மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடுங்கள். வீடு வாங்குகிறவரின் வக்கீல் மதியம் வருகிறார். "பத்திரம் யார் பேர்ல? பங்காளி யாராவது வழக்குப் போடுவாங்களா? சம்சாரத்துக்குச் சம்மதமா?" என்று நேற்று போனில் கேட்டார். முதல் இரண்டுக்கும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி நமக்குத் தெரியாமல் இந்த வீட்டை விற்கப் பார்த்தபோது, முன்சுவரில் 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை' என்று எழுதினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? டோயினை முதுகில் கட்டிக்கொண்டு நான் ஏணியைப் பிடித்திருந்தேன். "எழுத்தெல்லாம் கோணலா இருக்கு" என்று சிரித்தேன். "அவனுக்கு இது போதும்டி" என்றீர்கள்.

இதை விற்று லாகோஸில் பிளாட் வாங்குவது உங்கள் ஆசை. எனக்கு இந்த இபாதான் நகரமே போதும்.

மோரெனிகே

பின்குறிப்பு: மூன்றாவது கேள்விக்குச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிறிப்போன எழுத்தின் மேலேயே காலையில் சிவப்பு பெயின்டால் அதே வரியைத் திரும்ப எழுதியிருக்கிறேன். இன்னும் காயவில்லை, சாயாதீர்கள்.