போஸ்டரில் என் கை

ஒக்டோபர் 14, செவ்வாய்

கடைக் கண்ணாடியில் இன்று ஒட்டிய புதுப் போஸ்டரில், துடுப்பைப் பிடித்த கையிலிருந்த சிவப்பு நூல்தான் முதலில் என் கண்ணில் பட்டது. அது என் கை. போன வருடம் ஊருக்குப் போய், கித்துல்கலை ஆற்றில் ராஃப்டிங் செய்தபோது படகின் முன்னால் இருந்தவள் நான். ஹெல்மெட்டும் தெறித்த தண்ணீரும் முகத்தை மறைத்துவிட்டன. படத்தின் கீழே கஜன் அண்ணையின் பெயர். பெரியம்மாவின் மகன், நான் வேலை செய்யும் இந்த டிராவல்ஸ் கடை அவருடையது. அன்று தண்ணீருக்குப் பயந்து, கரையில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தவர்.

மத்தியானம் மோர்டனிலிருந்து ஒரு அன்ரி, டிசம்பரில் குடும்பத்தோடு அதே ராஃப்டிங்குக்குப் போக புக் பண்ண வந்தார்.

"இது நீங்களோ தம்பி?"

"ஓம் அன்ரி. நான் முன்னுக்கு இருந்தால் ஆறே விலத்தி வழிவிடும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அண்ணை சிரித்தார்.

"இவள் கரையில செருப்புக்குக் காவல் இருந்தவள். பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டவள், ஆத்தில இறங்குவாளே?"

அன்ரியும் சிரித்தார். வந்தவர்கள் முன்னால் அண்ணையை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது என்று அவருக்குத் தெரியும். காது இப்போதும் சுடுகிறது.

"அப்ப நீங்களும் எங்களோட வாங்கோவன் தம்பி."

"வராமல் விடுவனே அன்ரி."

பின்னேரம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே, "அந்த புக்கிங்கை நீயே அனுப்பிவிடு, நான் போறன்" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

படகின் முன்னிருக்கைக்கு அண்ணையின் பெயரை எழுதி, ராஃப்டிங் நடத்துபவர்களுக்கு அனுப்பினேன். பிறகு, அண்ணை சொன்னபடியே வருகிறார் என்று அன்ரிக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.