நடு அறைக் கொக்கி

குவைத்
3.6.2025

அன்புள்ள லாத்தாவுக்கு,

தம்பி முபாரக்கின் ஸலாம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனிலேயே பேசலாம். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டால் தெருவே கேட்கும்! அதனால் ஊருக்கு வரும் ஷேக் பரீதிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டை விற்றுவிட்டால் நாகப்பட்டினத்தில் மகள் ஹுமைராவோடு நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் வாங்க வருகிறவர் யாரென்று பார்த்துத்தான் காட்ட வேண்டும். நம் வேதாரண்யத்துக்காரர்கள் உப்புக்காற்றில் வளர்ந்தவர்கள், நுழைந்ததும் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்கள் வேண்டாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் விளைவிக்கிறவர்கள் தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்பார்கள். வந்ததும் நம் அடிபம்புத் தண்ணீர் ஒரு சொம்பு கொடுங்கள். நடு அறைக் கூரையில் இருக்கும் கறை வெறும் மழை ஈரம். ஆள் வைத்துப் பூசி வெள்ளையடித்துவிடுங்கள்.

உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
முபாரக்

வேதாரண்யம்
29.6.2025

அன்புத் தம்பி முபாரக்குக்கு,

அல்லாஹ் உன்னை நலமாக வைக்கட்டும். மூன்று மாதமாய் ஒரு வரி இல்லை, எழுதினால் வியாபாரம்! போகட்டும்.

நீ சொன்னது அப்படியே நடந்தது. உலகநாதன் என்று திருத்துறைப்பூண்டி விவசாயி, மனைவி நாகம்மாளோடும் மாசமாக இருக்கும் மகள் மீனாவோடும் வந்தார். மருமகனுக்கு இங்கே வேலையாம். இரண்டு சொம்பு குடித்துவிட்டு, "தண்ணி இளநீராட்டம் இருக்கும்மா, இதுக்கே வாங்கலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மீனா நடு அறைக் கொக்கியைக் காட்டி, "தொட்டில இங்கயே கட்டிக்கலாம்ல?" என்று கேட்டாள். "கட்டிக்கம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் கூட்டும்போது, பூசிய இடம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்து கிடந்தது. உள்ளே கம்பி துருவேறி வீங்கியிருக்கிறது. இதுவா ஈரம்? ஆவணி பிறந்ததும் பத்திரம் பதியலாம் என்கிறார்கள். அதற்குள் எனக்கு உண்மையைச் சொல்லு தம்பி.

உன் லாத்தா,
நூர்ஜஹான்

குவைத்
14.7.2025

லாத்தா,

அது ஈரம் இல்லை. கஜா புயலுக்குப் பிறகு அந்த வீட்டை நான்தானே முன்னே நின்று கட்டினேன். நடு அறைக் கூரை போடும்போது ஆற்று மணல் கிடைக்கவில்லை. கடற்கரை மணலை அள்ளிவந்து கலக்கச் சொன்னேன். கொத்தனார் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அந்த உப்புதான் கம்பியைத் தின்கிறது.

முதல் லீவில் வந்தபோதே தெரிந்துவிட்டது. சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் தம்பி கட்டின வீடு" என்பீர்கள். அதைக் கேட்டதும் நாக்கு எழும்பாது. வெட்கமாக இருக்கிறது லாத்தா. அவர்களிடம் என்ன சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முபாரக்

வேதாரண்யம்
2.8.2025

முபாரக்குக்கு,

உலகநாதன் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கூரையைக் காட்டினேன். எதற்காக முதலில் தண்ணீர் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. நாகம்மாள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இத்தன நாளா நீங்க எங்கம்மா படுத்தீங்க?" என்று கேட்டாள்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நடு அறையில் என்றால், 'தம்பிக்குத் தெரியாதா?' என்று அடுத்த கேள்வி வரும். முன் அறையில் என்று பொய் சொல்லிவிட்டேன்.

முன் அறை உன் இடம். லீவில் வரும்போதெல்லாம் அங்கேதான் பாய் விரிப்பாய். "இங்கதான் லாத்தா காத்து வருது" என்பாய். நானும் நம்பி, நடு அறையில் போய்ப் படுப்பேன்.

நடு அறையைப் பூட்டிவிட்டேன். இப்போது உன் இடத்தில்தான் படுக்கிறேன். காற்று நன்றாகத்தான் வருகிறது.

நூர்ஜஹான்