ஒரு சாண் இடம்

என்னங்க, நான் தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரலை. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. என் மேல இருக்கற கோவத்தை அது மேல காட்டாதீங்க.

மதியம் கம்ப்யூட்டர் கடைக்காரர் பெரிய பெட்டி, சின்னப் பெட்டி ரெண்டையும் கொண்டு வருவார். நீங்களே பாத்து ஒண்ணை எடுத்துக்குங்க. நான் சின்னதைச் சொன்னதும் "இந்தத் தீப்பெட்டியில என்ன வேலை ஓடும்"னு நேத்து குதிச்சீங்களே, நீங்க வரையற வீட்டு பிளானெல்லாம் அதுல தாராளமா ஓடுமாம். மெமரி பத்தலைன்னா அப்புறம் கூட்டிக்கலாமாம்.

பெருசையே எடுத்தாலும் நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க மாட்டேன். ரொம்ப நாளைக்கு.

பெட்டி வைக்க மேஜையில ஒரு சாண் இடம்தான் இருக்குன்னு நான் சொன்னதும், நீங்க கையை விரிச்சு அளந்துட்டு, "ரெண்டு சாண் இருக்கே, தையல்காரிக்கு அளக்கத் தெரியலையே"ன்னு சிரிச்சீங்க. அதுதான் சுருக்குன்னு தைச்சுது.

எழுத இடமில்லை, ஓரத்துல எழுதறேன்: எனக்கு அளக்கத் தெரியும்ங்க. ரெண்டு சாண்தான். அதுல ஒண்ணு, சாயங்காலம் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உங்க பக்கத்துல உக்காரும்போது என் டீ டம்ளர் வைக்க.