இடது விளக்கு மின்னினால் நேரே போகிறேன் என்று அர்த்தம்

அன்பு மகன் ஜெகதீஸ்வரனுக்கு அப்பா இருளப்பசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சினை ஆடும் சௌக்கியம். வண்டியும் சௌக்கியம், நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்தாலும் சொல்லி வைக்கிறேன். உன் உடம்பை அந்த ஊர் வெயில் வாட்டாமல் இருக்க நம் சாமி துணை இருக்கட்டும், ஆனாலும் திருச்சுழிப் பக்கம் பிறந்தவனை மஸ்கட் வெயில் என்ன செய்துவிடும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வண்டி என்று வாயெடுத்தாலே 'வைங்கப்பா' என்கிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்கச் சொல்ல முடியாது. மேலத்தெரு மதன்குமார் லீவு முடிந்து நாளைக்கு அங்கே கிளம்புகிறான், மிளகாய்ப்பொடி டப்பாவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பெண் வீட்டார் வந்துபோன கதையை உன் அம்மா ஒரு பக்கமாக உன்னிடம் ஒப்பித்துவிட்டாள். என் பக்கத்தையும் நீ கேட்டாக வேண்டும், நியாயம் எந்தப் பக்கம் என்று அப்புறம் நீயே சொல்.

முதலில் அந்தச் சார்ஜ் போடுகிற பிளக்கை என் மோட்டார் சைக்கிளில் ஏன் வைத்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். என் போன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிறை வயிறாகக் கிளம்பும், அருப்புக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். போன வருஷம் பந்தல்குடியிலிருந்து வந்த பெண் வீட்டார் பஸ் ஸ்டாண்டில் நின்று எனக்குப் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, 'போனையே உசுரோட வச்சுக்கத் தெரியாதவுக நம்ம பிள்ளைய எப்படி வச்சுக்குவாக' என்று சொல்லி அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது உனக்குத் தெரியும். அது ஒன்று. இன்னொன்றை நான் உன்னிடம் சொன்னதில்லை. நீ வேலை நடக்கிற இடத்தில் சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுகிறாய், அந்த நேரம் நான் மிளகாய் லோடு விஷயமாக ரோட்டில் இருப்பேன். வீட்டுக்கு வந்து உயிர் கொடுத்துப் பார்த்தால் நீ கூப்பிட்ட அடையாளம் மட்டும் கிடக்கும், திருப்பிக் கூப்பிட்டால் நீ மறுபடி கட்டடத்தில் ஏறியிருப்பாய். அந்த அடையாளத்தைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. புதுப் போன் அனுப்புகிறேன் என்றாய், பழகிய பொத்தானை விட்டு நான் எங்கே போவது. பவர் பேங்க் வாங்குங்கள் என்றாய், போனுக்குச் சார்ஜ் போட ஒரு டப்பா என்றால் அந்த டப்பாவுக்குச் சார்ஜ் போடுவதை யார் ஞாபகம் வைப்பது. வண்டி தினமும் ஓடுகிறது, ஓடுகிற வண்டியில் கரண்டு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு.

வீரசோழன் ஊரில் கடை வைத்திருக்கிற மெக்கானிக் சகாபுதீனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அந்தப் பையன் மேல் ஒரு குற்றமும் கிடையாது, இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். 'அண்ணே, பேட்டரியில இருந்து நேரா ஒரு லைன் எடுத்து நடுவுல பியூஸ் ஒண்ணு போட்டுத் தாரேன், ஒரு தொந்தரவும் வராது' என்றுதான் சொன்னான். நான்தான் கூடாது என்றேன். அந்தப் பேட்டரி என்னைப் போல, இருக்கிற வேலைக்கே மூச்சு வாங்குகிறது, அதன் தலையில் இன்னொன்றைக் கட்டக் கூடாது. வண்டியில் சும்மா கிடக்கிற ஒயர் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன். இடது பக்க இண்டிகேட்டர் நீ பிறந்த வருஷம் வண்டி வாங்கியதிலிருந்து சும்மாதான் கிடக்கிறது. வலது பக்கம் திரும்பினால் எதிரே லாரி வரும், சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். இடது பக்கம் நம் பக்கம், நம் பக்கம் நாம் திரும்ப யாரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒயரிலேயே பிளக்கைக் கோத்துவிடு என்றேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, 'அண்ணே, அது விட்டு விட்டுல்ல வரும்' என்றான். விட்டு விட்டு வந்தாலும் வருகிறதா இல்லையா என்று கேட்டேன், வரும் என்று ஒப்புக்கொண்டான். அப்புறம் என்ன. வலது கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போன் மாட்டுகிற கவ்வியையும் வைத்துத் தரச் சொன்னேன். பின்னால் வருகிறவனைப் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது, கூப்பிடுகிறவனைப் பார்த்தால் போதாதா.

விளக்கு ஒரு தரம் மின்னினால் போன் 'டிங்' என்று ஒரு தரம் சத்தம் போடும், அணைந்தால் சார்ஜ் நின்றுவிடும், மறுபடி மின்னினால் மறுபடி டிங். அருப்புக்கோட்டை வரைக்கும் டிங் டிங் என்றுதான் போவேன், கோயில் பூசாரி போகிற மாதிரி இருக்கிறது என்று உன் அம்மா சிரித்தாள், அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முதலில் பின்னால் வந்தவர்கள் நான் திரும்பப் போகிறேன் என்று நினைத்து வலது பக்கம் ஏறி வந்து வைதார்கள். பிறகு ஊரே பழகிவிட்டது. இருளப்பன் வண்டியில் இடது விளக்கு மின்னினால் சார்ஜ் ஏறுகிறது, நேரே போகிறார் என்று அர்த்தம். விளக்கு அணைந்தால் இடது பக்கம் திரும்பப் போகிறார் என்று அர்த்தம், ஏனென்றால் திரும்புகிற நேரத்தில் மட்டும் அதை அணைத்துவிடுவேன், மின்னவிட்டுக்கொண்டே திரும்பினால் நேரே போகிறேன் என்று நம்பிப் பின்னால் வருகிறவன் வந்து மோதிவிடுவானே. இது டவுன் பஸ் டிரைவருக்குத் தெரியும், தண்ணி லாரிக்காரனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாலவனத்தத்திலிருந்து வருகிற பெண் வீட்டாருக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. நடந்த அத்தனைக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் சத்யபிரியாவின் அப்பா சின்னச்சாமியும் அம்மா குருவம்மாளும் சொந்தக்காரர்களும் ஒரு வேனில் நம் வீடு பார்க்க வந்தார்கள். அருப்புக்கோட்டையில் அவர்களைச் சந்தித்து, என் பின்னாலேயே வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் கிளம்பினேன். நீ சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்து அவர்களோடு பேசுவதாக ஏற்பாடு, அதுவரை போன் சாகக் கூடாது, அதனால் விளக்கைப் போட்டுவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் ஹாரன் சத்தமே கேட்கவில்லை என்று திரும்பிப் பார்த்தால் வேனைக் காணோம். இடது பக்கம் கருவேலங்காட்டுக்குள் விறகு சுட்டுக் கரி எடுக்கிற மூட்டத்துக்குப் போகிற பாதையில் போய், மூட்டத்துப் புகைக்குள் நிற்கிறார்கள். நான் போய் விஷயத்தைச் சொல்லி, விளக்கைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள் என்றேன். 'ரோட்டுல லைட்டைப் பாக்காம உங்க முதுகையா பாக்குறது' என்று வேன் டிரைவர் கோபித்தான். அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய். அணைத்தால் போன் செத்திருக்கும், பந்தல்குடிக்காரர்கள் போல இவர்களும் போயிருப்பார்கள். அதனால் மின்னவிட்டுக்கொண்டேதான் போனேன், நேரே வீட்டு வாசலுக்கே போய்விட்டேன், வாசலில் நின்ற உன் அம்மா கும்பிட்ட கையோடு எனக்குப் பின்னால் பார்த்து, 'எங்க அவுக' என்று கேட்டபோதுதான் மறுபடி வேன் இல்லை என்பது தெரிந்தது.

தேடப் போனேன். வழியில் இடது பக்கம் இருக்கிற ஒவ்வொரு பாதையிலும் புகுந்து பார்க்க வேண்டியதாயிற்று, இடது பக்கம் திரும்புவதென்றால் விளக்கை அணைக்க வேண்டும், அணைத்தால் சார்ஜ் ஏறாது. என் கஷ்டம் உனக்குப் புரிகிறதா. கடைசியில் இடது பக்கத் தெருவில் மில்லுக்காரர் தங்கமாரி வீட்டு வாசலில் வேன் நின்றது, டிரைவர் பழக்க தோஷத்தில் மறுபடி விளக்கைப் பார்த்துத் திரும்பியிருக்கிறான். அங்கே அவர் பேரனுக்குக் காதுகுத்து, பந்தல், வாழைமரம், மைக் செட்டு. உள்ளே போனால் பெண் வீட்டார் வரிசையாக இலை முன்னால் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பழத்தட்டோடு வேனிலிருந்து இறங்கியவர்களை மாமன் வீட்டுச் சீர் என்று நினைத்துத் தங்கமாரி வீட்டில் தட்டை வாங்கி வைத்துவிட்டுப் பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள், இவர்கள் மாடி வீட்டையும் பந்தலையும் பார்த்துவிட்டு நமக்காகத்தான் இத்தனை தடபுடல் என்று நினைத்துவிட்டார்கள். தம்பி, சம்பந்தம் முடிவாகும் வரைக்கும் காபி குடிக்கலாமே தவிர அந்த வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது, நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம், நம் பக்கத்து வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் வீட்டைப் பார்த்த வேகத்தில் பேசி முடிவெடுத்து, சம்மதம்தான் என்று கை நனைத்துவிட்டார்கள். தங்கமாரி வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற ஒரே ஆண்பிள்ளை அந்தக் காது குத்திய பேரன், அவன் இன்னும் தவழ்கிறான்.

என்னைப் பார்த்ததும் சின்னச்சாமி எச்சில் கையோடு எழுந்து, 'வாங்க சம்பந்தி, வீடு அம்சமா இருக்கு' என்றார். இது நம் வீடு இல்லை என்று நான் எப்படிச் சொல்லுவேன், சொன்னேன். எல்லார் கையும் அப்படியே இலையில் நின்றது. தங்கமாரி நல்ல மனிதர், ஆனது ஆச்சு, சாப்பிட்டு எழுந்திருங்கள் என்று ரசமும் ஊற்றச் சொன்னார். நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒருத்தர் வயிற்றிலும் கேசரிக்கு இடமில்லை, ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. நான் ஒரு நியாயம் கேட்டேன். சோறு தங்கமாரியுடையது, ஆனால் மனதில் நினைத்தது என் மகனை, ஆகவே சம்மதம் எங்களைச் சேர்ந்தது என்றேன். குருவம்மாள், 'நாங்க மாடியைப் பாத்துல்ல நனைச்சோம்' என்றார்.

அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். போனில் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது, வீட்டிலோ கரண்டு இல்லை. பெண்ணின் சித்தப்பா தன் போனை நீட்டினார், மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் போனில் காட்டினால் நமக்கு என்ன மரியாதை. பலகை போட்டு வண்டியை நடுவீட்டுக்குள் ஏற்றினேன், ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து விளக்கைப் போட்டேன். நீ எடுத்த எடுப்பில் வணக்கம் கூடச் சொல்லாமல், 'ஏம்ப்பா உங்க மூஞ்சி மஞ்சளா வந்து வந்து போகுது' என்று கேட்டாய். சார்ஜ் ஏறுகிறது என்றேன். 'லைனை எங்கேர்ந்துப்பா எடுத்தீக' என்றாய். பெண் வீட்டார் முன்னால் மாப்பிள்ளை கேட்ட இரண்டாவது கேள்வி அது. இண்டிகேட்டரில் என்று உண்மையைச் சொன்னேன், பெரிய பெரிய கட்டடத்துக்கெல்லாம் ஒயர் இழுக்கிற நீ தலையில் கையை வைத்துக்கொண்டாய். புகைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற குருவம்மாள், மாப்பிள்ளைக்கு அடிக்கடி தலைவலி வருமோ என்று உன் அம்மாவிடம் விசாரித்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை, தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு ஆயிற்று என்று தெரிந்துகொள்கிறேன். அவள் வைவதை விட இது கஷ்டமாக இருக்கிறது. உனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, ஒரு ஒயரால் உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை, அதையும் இதில் எழுதிவிடுகிறேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது, மதன்குமார் இன்று ராத்திரிதான் கிளம்புகிறான். இன்று காலையில் வாசலில் ஒரு பழைய வண்டிச் சத்தம் கேட்டது, என் வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று ஓடிவந்து பார்த்தால் சின்னச்சாமி தனியாக வந்து நிற்கிறார். அவரிடமும் என் வண்டி வயதில் ஒரு வண்டி. யாரையும் வழி கேட்கவில்லையாம், ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கச் சுற்றியதில் வழி மனப்பாடம் ஆகிவிட்டதாம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, நின்றுகொண்டே, 'அந்தச் சார்ஜ் லைனு எந்தக் கடையில போட்டீக' என்று கேட்டார். கேலி பண்ண வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அப்புறம்தான் அவர் சொன்னார். 'பிரியா கேட்டுச்சு, அத்தனை பேரு வஞ்சும் அவுக எதுக்கு அந்த லைட்டை அணைக்காமயே வந்தாகன்னு. மகன் கூப்புடுவான், போன் செத்துறக் கூடாதுன்னு வந்தாகன்னு சொன்னேன். அப்ப நான் மஸ்கட்டுல இருந்து கூப்புட்டா நீங்க எடுப்பீகளாப்பான்னு கேட்டுருச்சு. என் போனும் பாதி நாளு செத்துத்தான் கிடக்கு.' இதைச் சொல்லிவிட்டு அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார், நானும் ஆட்டைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு வண்டியிலும் வீரசோழன் போனோம். சகாபுதீன் இவரிடமும் பேட்டரி, பியூஸ் என்று அதே பாட்டைப் பாடினான். சின்னச்சாமி என்னைப் பார்த்தார், நான் வாயைத் திறக்கவே இல்லை, சத்தியமாக. அவரேதான், 'அவுக வண்டியில எப்படி இருக்கோ அப்படியே போட்டுருப்பா' என்றார். சகாபுதீன் இடது பக்க மூடியைக் கழற்றினான். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அவர் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு நேரே உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, 'தங்கச்சி, சோறு போடுங்க' என்றார். வீட்டில் நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பும் கம்மஞ்சோறும்தான் இருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கை நனைத்துவிட்டார், ஜெகதீசு. உன் அம்மா அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'அவுகளுக்கு இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க' என்று என்னிடம் சொன்னாள், என்னிடம்தான் சொன்னாள். அவர் கிளம்பியபோது நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்று பார்த்தோம். இடது விளக்கு மின்ன, டிங் டிங் என்று சத்தத்தோடு, கடைசித் தெரு முக்குத் திருப்பத்தைத் தாண்டி அவர் நேரே போனார்.

உன் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், இதை அவள் போனில் முந்திச் சொல்ல மாட்டாள், நீ இந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், லீவுக்கு இப்போதே சொல்லி வை. வெறும் வயிற்றில் கட்டடம் ஏறாதே, ஒயரைத் தொடும்போது கவனமாக இரு, அந்த விஷயத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று நீ சொன்னாலும் சொல்லத்தான் செய்வேன். நீயும் அந்தப் பிள்ளையும் நிறைந்த ஆயுளோடு நல்லபடியாக வாழ வேண்டும், அதற்கு எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உண்டு. மறக்காமல் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடு, எடுப்பேன். எடுக்காவிட்டால் அப்பா எங்கேயோ இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, விட்டுவிடாமல் உடனே இன்னொரு தரம் கூப்பிடு.

இப்படிக்கு உன் அப்பா,
மு. இருளப்பசாமி