மூன்று புள்ளிக்குத் தூக்கிய கைகள்

பாய்,

உங்கள் விளக்குகளை இன்று காலை பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உடையாமலிருக்கச் சுற்றி வைப்பதற்கு, எப்போதும் போல எடைக்கு வாங்கிய பழைய செய்தித்தாள். ஒரு தாளைக் கசக்கப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டேன். மூலையில் சின்னதாக ஒரு செய்தி. கோஸ்டா ரிக்கா என்று ஒரு நாடு, ராணுவமே வைத்துக்கொள்ளாத நாடாம், பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்துவிட்டதாம். இந்த வருஷம் மாசி மாதத்துத் தாள் அது. அப்போது நீங்கள் இருந்தீர்கள். கண்ணில் பட்டிருந்தால் என் கொட்டகை வாசலில் வந்து நின்று, "அக்கா, இன்னொரு கை தூக்கிட்டாங்க" என்று சொல்லாமல் போயிருக்க மாட்டீர்கள். ஆக, பார்க்கவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்டுக்கு அங்கே என்ன வேலை, பாய்? எண்ணெயா, வோட்டா, வேலைக்குப் போன ஆட்களா? பழைய கோபத்தில் இப்படித்தான் முதலில் கேட்க வந்தது. உடனே சிரிப்பும் வந்துவிட்டது. இந்தக் கேள்வியை என்னிடமிருந்து பிடுங்கிப் போட நீங்கள் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

நம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பொது. விளக்குக்காரர், பொம்மைக்காரர், ஃபியூஸ் கட்டைக்காரர் எல்லாருடைய சாமானும் ஒரே சூளை வண்டியில் ஏறி ஒரே நெருப்பில் வேகும். வெளியே வந்ததும் எது யாருடையது என்று பிரிக்க வேண்டுமே, அதற்காக அவரவர் சாமானின் அடியில், கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு படாத இடத்தில், காவி நிறத்தில் ஓர் அடையாளம். உங்களுக்கு மூன்று புள்ளி. சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்குத்தான் அடையாளம் உண்டு, அடையாளம் இருந்தால்தான் சூளையில் இடம். எங்களுக்கு அப்போது இரண்டும் இல்லை.

எங்கள் பழைய முதலாளி, விளக்கு வேலை இனிக் கட்டாது, பின்கொட்டகையை நீங்களே எடுத்து நடத்திக்கொள்ளுங்கள் என்று கூலிக்கு இருந்த பெண்கள் எங்கள் ஐந்து பேரிடம் சொன்னவர். நாங்கள் நடத்திக் காட்டியதும் மனசு மாறிவிட்டார். காயப்போடும் முற்றம் யாருடையது, வழி யாருடையது என்று வழக்கு. "அவங்க யாரு? எங்கிட்ட கூலிக்கு இருந்தவங்க" என்பார் ஊரெல்லாம். சங்கத்தில் போய் நின்றால், "மொதல்ல ஒங்க எல்லைத் தகராறு தீரட்டும், அப்புறம் சேத்துக்கிறோம்" என்றார்கள். அது தீராமல் இழுத்துக்கொண்டே போவது அவர் கையில் இருந்தது. எத்தனை கார்த்திகை அப்படிப் போயிருக்கும்? அந்த நாட்களில் எங்கள் விளக்குகளை உங்கள் மூன்று புள்ளியில்தான் வேகவைத்தோம். நீங்களாக வந்து, "வெச்சுக்கங்கக்கா" என்று சொன்னீர்கள். நன்றிதான். ஆனாலும் என் கையால் செய்த விளக்கின் அடியில் அடுத்தவர் புள்ளியை வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வண்டியில் எங்கள் தட்டு சரிந்து அத்தனையும் நொறுங்கிய அன்றைக்கு, "பாய்க்கு நஷ்டம்" என்றுதான் பேட்டை பேசியது. எங்களுக்கு நஷ்டம் என்று சொல்லக்கூட ஓர் ஆள் இல்லை.

அன்று மாலை டீக்கடையில் நான் அழுதுகொண்டிருந்தபோதுதான் வளைகுடாவில் உங்களோடு இருந்த ஃபோர்மேனைப் பற்றிச் சொன்னீர்கள். பாலஸ்தீனக்காரர். அவர் கையில் பாஸ்போர்ட் கிடையாது, வேறு ஒரு நாடு இரக்கப்பட்டுக் கொடுத்த பயணப் பத்திரம்தான். விமானநிலையத்தில் எல்லாரும் போன பிறகும் அவரை மட்டும் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களாம். "அவரும் நம்மள மாதிரிதாங்கக்கா, அடுத்தவங்க அடையாளத்துல வேகுற சாமான்" என்றீர்கள்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஒங்க ஆளுங்கன்னா ஒங்களுக்கு உருகத்தான் செய்யும், பாய்" என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "வெள்ளிக்கெழம லீவுல நான் பள்ளிவாசலுக்குப் போவேன், அவரு சர்ச்சுக்குப் போவாரு. இப்ப சொல்லுங்க, யாரு ஆளு?" என்றீர்கள். நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நம் நாடு பாலஸ்தீனத்தை அங்கீகரித்தபோது அந்த மனிதர் உங்கள் அறைக்கே வந்து, தமிழாட்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். நீங்கள் அப்போது இளவட்டம், என்னைப் போலவே வாய்த்துடுக்கு. "எங்க அரசாங்கம் எதுக்கு ஒத்துக்கிச்சு தெரியுமா? எண்ணெய் வேணும், எங்கள மாதிரி ஆளுங்க பொழப்பு இங்க ஓடணும், அதான்" என்று அவரிடமே சொல்லிவிட்டீர்களாம். அவர் சொன்ன பதிலை நீங்கள் சொல்லிக் காட்டும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள்: "எல்லாம் தெரியும். டீ ஆறுது, குடி."

பிறகு வளைகுடாவிலேயே சண்டை வந்து, அவர் எந்தப் பக்கம் போனார் என்றே தெரியாமல் போயிற்று.

கூட்டம் நடந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வேகாத விளக்குகள் கொட்டகை நிறைய இருந்தன. அந்த முறையும் எங்கள் பெயரில் சூளை கிடைக்காவிட்டால் ஐந்து பேரும் கூலிக்கே திரும்பியிருப்போம். செயலாளராக நீங்கள் எழுந்து, "எல்லை தீந்த பொறவுதான் சேத்துக்கணும்னா, எல்லைய யாருகூட பேசித் தீக்கிறது? ஆளே இல்லன்னு சொன்னவரு, இல்லாத ஆளுகூட உக்காந்து பேசுவாரா?" என்று கேட்டீர்கள். முதலாளி எழுந்து கத்தினார். "இவரையும் நாம ஒண்ணும் விலக்கலயே. அவரு நாற்காலி அப்படியே இருக்குது. இன்னொரு நாற்காலி போடுவோம்னுதான் சொல்றேன்" என்றீர்கள். ஒவ்வொன்றாகக் கைகள் ஏறின. பாதிக்கு மேல் ஏறியதும் என் பக்கத்திலிருந்தவள் என் தொடையைக் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

சந்தோஷமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் ஏன் தூக்கினார்கள் என்று தெரிந்துபோயிற்று. ஃபியூஸ் கட்டைக்காரருக்குச் சூளை வண்டி நிரம்ப வேண்டும். பொம்மைக்காரருக்கும் எங்கள் முதலாளிக்கும் சாக்கடைச் சண்டை. இன்னொருவருடைய மனைவிக்குத் திட்டக்குடி, என் ஊர்தான். "தூக்கலன்னா வூட்ல சோறு கெடயாதுங்க" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். வேறொருவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் தூக்கினார்.

"ஒருத்தராச்சும் எங்க நியாயத்துக்காகத் தூக்கினாங்களா பாய்?" என்று டீக்கடையில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களாவது?"

நீங்கள் தாடியைத் தடவினீர்கள். "நெசத்தச் சொல்லணும்னா, ஒங்க வெளக்குல பச்ச நெறம் சரியா வரல. என் புள்ளியப் பாத்துட்டு யாவாரி எங்கிட்ட சண்டைக்கு வந்தான். ஒங்களுக்குத் தனி அடையாளம் வந்தா எனக்கு நிம்மதி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். நீங்கள் விடவில்லை. நாடுகளும் அப்படித்தான் என்றீர்கள். ஒன்றுக்கு எண்ணெய், ஒன்றுக்கு உள்ளூர் வோட்டு, ஒன்று பக்கத்து நாட்டைப் பார்த்துத் தூக்கும், ஒன்றுக்குத் தானும் அடிமையாய்க் கிடந்த ஞாபகம். பேச்சுவார்த்தையில் நம்பிக்கை வைத்தவனுக்குக் கையில் எதுவும் கொடுக்காவிட்டால் துப்பாக்கிக்காரன் பேச்சுத்தான் எடுபடும் என்ற பயமும் சில நாடுகளுக்கு உண்டு. "சுத்தமான மனசோட வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தா ஒருத்தரும் வர மாட்டாங்கக்கா. காரணம் அவங்க வூட்டுக்குப் போயிடும். தூக்கின கை இங்க நிக்கும்." கொஞ்சம் இருந்து, "அங்க உசுரு போவுது, இங்க வெளக்குதான். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லல. டீ ஆறுது, குடிங்க" என்றீர்கள்.

குடித்தேன். அன்று தொண்டையில் இறங்கிய நிம்மதியை என்ன சொல்ல! ஒவ்வொருவர் மனசையும் தோண்டிப் பார்க்கும் வேலை என்னுடையது இல்லை என்று ஆனபோது உடம்பே லேசாகிவிட்டது. எங்களுக்கு ஒரு கோடும் அதன் மேல் ஒரு புள்ளியும் கிடைத்தது. திரி எரிவது போல இருக்கிறது என்று நாங்களே கேட்டு வாங்கியது. முற்றம் உடனே தீர்ந்துவிடவில்லை. ஆனால் முதலாளி எங்கள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்த பிறகுதான் அவருக்கும் ஒரு பயம் இருந்தது தெரிந்தது, தன் லாரி வரும் வழி போய்விடுமோ என்று. வழி அவருக்கு, முற்றம் எங்களுக்கு. போன வருஷம் இரண்டு பக்கமும் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டோம்.

நீங்கள் இந்தக் கோடையில் கண்ணை மூடிவிட்டீர்கள். மங்கலம்பேட்டையில் உங்கள் வீட்டு வாசலில் பேட்டையே நின்றது, முதலாளி உட்பட. உங்கள் பிள்ளைகள் வெளிநாட்டில். பட்டறையை மூடுவதாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பலகையில் கடைசியாக நீங்கள் செய்த விளக்குகள் வேகாமல் கிடந்தன. சங்கத்தில், "உறுப்பினர் இல்லாத பேருக்கு அடையாளம் வைக்கிற வழக்கமில்ல. ஒங்க அடையாளத்துல வெச்சு எடுத்துக்கங்கம்மா" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எங்கள் விளக்கில் உங்கள் புள்ளி வைத்த நாட்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

எழுந்து நின்றேன். "அவரு சாமான் அவரு புள்ளியிலயே வேவட்டும். சம்மதம்னா கை தூக்குங்க" என்றேன். அவ்வளவுதான் பேச வந்தது.

எல்லாக் கையும் ஏறியது, பாய். முதலாளியுடையதும்தான்.

நேற்று சூளை திறந்தோம். வண்டி வெளியே வரும்வரை சூளை வாசலிலேயே நின்றேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் முழுசாக வந்துவிட்டன. பச்சை நிறம் அப்படி வந்திருக்கிறது, உங்கள் வியாபாரி குறை சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் பெட்டியில் வைக்காமல் எடுத்துக்கொண்டேன். கவிழ்த்துப் பார்த்தால் மூன்று புள்ளி. இந்தக் கார்த்திகைக்கு என் வாசலில் எரியும்.

உங்கள் புள்ளிக்காகக் கை தூக்கிய அன்று, கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது யார் எதற்காகக் கை தூக்கினார்கள் என்று யாரோ பேச ஆரம்பித்தார்கள். நான் காதில் வாங்கவில்லை. எல்லாருக்கும் டீ சொன்னேன்.